பனிமூட்டத்தில் நுவரெலியா டவுன்: சாஃப்ட் பாஸ்டலில் வரைவது எப்படி

கடைத்தெருவை வரைய உட்காருகிறவர்கள் பெயர்ப்பலகை, ஜன்னல், கரண்ட் கம்பி என்று எண்ணத் தொடங்கினால் படம் அங்கேயே செத்துவிடும். சாஃப்ட் பாஸ்டல் என்பது பொடியாக உதிரும் வண்ணக் குச்சி. அந்தத் தடித்த குச்சியால் திட்டுத் திட்டாகத்தான் போட முடியும், அதனால் அதற்கேற்ற மாதிரியே வரைவோம். உதாரணத்துக்கு 1894இல் கட்டிய அந்தச் சிவப்புச் செங்கல் போஸ்ட் ஆபீஸையும் முன்னால் உள்ள ரோட்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

சொரசொரப்பான சாம்பல் நிறத் தாள் வாங்குங்கள், வெள்ளைத் தாள் வேண்டவே வேண்டாம். குச்சிகள் மலிவான பெட்டியாக இருக்கலாம், ஆனால் கருநீலம் ஒன்றும் வெள்ளை ஒன்றும் மட்டும் நல்லதாகத் தனியே வாங்கிவிடுங்கள்.

1. கண்ணை இடுக்கிப் பார்த்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றாகப் பிரித்து ஒரு சின்னக் கிறுக்கல் போடுங்கள்.

2. இனி இருட்டு. இதில்தான் நேரம் எடுக்க வேண்டும். கடை வாசல் நிழல், அதன் முன் நிற்கும் ஆட்கள், ஓட்டோவின் அடிப்பக்கம், அது ரோட்டில் விழுத்தும் நிழல் எல்லாவற்றையும் குச்சியைப் படுக்கவைத்து ஒரே கருநீலத் திட்டாக இழுத்துவிடுங்கள். எது ஆள், எது கதவு என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். தனித்தனியாகப் போட்டால் படம் முழுக்கப் புள்ளிகளாகச் சிதறும். சேர்த்துப் போட்டால் அதன் மேல் ஒரு தலையும் ஒரு தோளும் வெளிச்சத்தில் தொட்டாலே கூட்டம் வந்துவிடும்.

3. நடுத்தர நிறம். செங்கலுக்குப் பளிச்சென்ற சிவப்பை எடுக்காமல் பழுப்புச் சிவப்பை லேசாகத் தேய்த்துவிடுங்கள், தாளின் சாம்பல் இடையில் தெரியட்டும். பின்னால் உள்ள கட்டிடங்களும் மலையும் வானத்தின் நிறத்துக்கு நெருங்க வேண்டும். அந்த ஓரங்களை மட்டும் விரலால் கலைத்துவிடுங்கள், வேறு எங்கும் விரல் போகக்கூடாது.

4. வெளிச்சம் கடைசியில். ஈர ரோட்டில் மேலிருந்து கீழாக நாலு இழுப்பு, பஸ் லைட்டுக்கு ஒரு அழுத்தம். ஆட்கள் கரட் மாதிரி, மேலே அகலம், கீழே ஒடுக்கம், பாதம் தேவையில்லை.

பின்சேர்க்கை: தலைகள் எல்லாம் ஒரே கோட்டில் வரவேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். சமதரையில், உங்கள் உயரத்து ஆட்களுக்கு ஆம். ஹட்டன் கடைத்தெரு மாதிரி இறக்கத்தில் மேலே நின்று பார்த்தால், கீழே போகப் போகத் தலைகள் உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே இறங்கும். அதை அப்படியே வரையுங்கள், ரோட்டின் சரிவு தானாகத் தெரியும்.

ஃபிக்ஸடிவ் (பொடி உதிராமல் இருக்க அடிக்கும் ஸ்ப்ரே) அடித்தால் வெளிச்சம் மங்கும், நான் அடிப்பதில்லை. பட்டர் பேப்பரால் மூடி, ஈரச் சுவரில் சாய்க்காமல் அலுமாரிக்குள் வைக்கிறேன்.