சமதரைதானே என்று இறங்காதீர்கள்: சுவீடன் காட்டுப் பாதையில் தனி நடையாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிமலை கிடையாது, மூச்சு முட்டும் ஏற்றமும் கிடையாது. வரைபடத்தைப் பிரித்தால் ஏரி, காடு, மறுபடி ஏரி. சுவீடனின் எரெப்ரூ மாகாணத்தில் 280 கிலோமீட்டர் நீளும் பெர்யஸ்லாக்ஸ்லேடன் பாதை பார்வைக்கு அவ்வளவு சாது. வடக்கே க்ளோத்தென் தொடங்கி 17 கட்டங்கள். நாளுக்கு ஒன்று என்று திட்டமிடுவது வழக்கம். தனியாகப் போகிறவர்கள் அங்கே செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, இந்தச் சாதுத்தனத்தை நம்புவதால் வருபவை.

முதலில் கணக்கு. தார்ச் சாலையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர், பை முதுகை அழுத்த, வேரும் உருண்டைக் கல்லும் நிறைந்த பாதையில் 3 நடந்தாலே பெரிது. வழியில் கேட்டால் உள்ளூர்க்காரர் "இன்னும் ஒன்றரை மீல்" என்பார். அதை ஒன்றரை மைல் என்று எண்ணி உட்கார்ந்து காபி போட்டால் தொலைந்தீர்கள். சுவீடனில் ஒரு மீல் என்றால் 10 கிலோமீட்டர். ஜூனில் என்றால் இருட்டவே நேரமாகும், சமாளித்துவிடலாம். செப்டம்பர் கடைசியிலோ பகல் வாரத்துக்கு அரை மணிக்கு மேல் குறைந்துகொண்டே வரும். நெற்றி விளக்கைப் பையின் அடியில் புதைத்து வைப்பது அந்த நாட்களில் பெரிய பிழை.

அடுத்தது பலகை. சதுப்பு நிலத்தைக் கடக்க இரண்டு பலகைகளை இணையாகப் போட்டிருப்பார்கள். 'ஸ்போங்' என்பது அதன் பெயர். காய்ந்திருந்தால் ராஜபாட்டை. மழை பெய்துவிட்டால் எண்ணெய் தடவிய வாழைமட்டை. நான் சறுக்கியதும் அப்படி ஒரு பலகையில்தான். ஏரியில் ஏதோ பறவை கூவியது, தலையைத் திருப்பினேன். அடுத்த நொடி முழங்கால் வரை கருஞ்சேற்றில் நின்றேன். வேடிக்கை பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள். ஈரப் பலகையில் குட்டையடிகளாக, பாதம் முழுவதும் பதிய நடக்க வேண்டும். மாற்றுக் காலுறை தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும்.

வழி தவறுவது பெரும்பாலும் அவுரிநெல்லியால் நடக்கிறது. மரங்களில் ஆரஞ்சு நிறக் குறி ஒழுங்காகத்தான் இருக்கும். பழம் பறிக்க இருபது அடி விலகுவோம், அங்கிருந்து மஞ்சள் காளான் ஒன்று கண்ணில் படும், இன்னும் இருபது அடி. நிமிர்ந்தால் நான்கு பக்கமும் ஒரே மாதிரி பைன் மரம். குறி கண்ணில் படவில்லை என்றால் முன்னோக்கி ஊகித்து நடக்காதீர்கள். கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். கூட இன்னொருவர் இருந்தால் "இது வழியில்லையே" என்று சொல்வார். தனி நடையில் அந்தக் குரல் இல்லை.

ஏரித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருப்பது கரிமண்ணின் சாயம்; கொதிக்க வைத்துக் குடிக்கலாம். கோடையின் பிற்பகுதியில் பச்சைப் பாசி மிதக்கும் ஏரியை மட்டும் விட்டுவிடுங்கள், அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது.

உண்ணியை அலட்சியப்படுத்தாதீர்கள். இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். அது பரப்பும் மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் பல தவணைகள், ஆகவே பயணத்துக்கு முந்தைய நாள் நினைவுக்கு வந்து பயனில்லை.

எல்லாருக்கும் காட்டில் நடக்கவும் ஓரிரவு கூடாரமடிக்கவும் அங்கே உரிமை உண்டு. அதை வைத்துக்கொண்டு எங்கும் தீ மூட்டலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வறண்ட கோடையில் தீத்தடை அறிவிப்பைப் பார்க்காமல் தீக்குச்சியைத் தொடக் கூடாது. வெறும் பாறைமேலும் வேண்டாம். சூட்டில் பாறை வெடித்து, அந்த வடு என்றைக்கும் ஆறாது.

கிளம்பும்போது யாரிடமாவது பாதையையும் சேரும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போவது பலருக்கும் தெரியும். சேர்ந்த பிறகு அதே ஆளுக்குச் செய்தி அனுப்பத்தான் மறந்துவிடுகிறார்கள். அவர் பதறி அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்துவிட்டால், நீங்கள் பாதையோரத்தில் நடையாளர் தங்கும் மூன்று சுவர் மரக்கொட்டகையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.