3,500 கிலோவைத் தாண்டிய சொந்த மோட்டார்ஹோம்: பிரிட்டனில் எம்ஓடி சோதனைக்குத் தயாராவது எப்படி?

பிரிட்டனில் 3,500 கிலோவைத் தாண்டிய வண்டி என்றதும் பலருக்கு லாரிச் சட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் குடும்பத்தோடு ஊர் சுற்ற வைத்திருக்கும் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியோடு கூடிய வண்டி) ஐந்து டன்னாக இருந்தாலும் ஏழு டன்னாக இருந்தாலும், ஒரு சின்னக் காருக்கு நடக்கிற அதே ‘கிளாஸ் 4’ பிரிவு எம்ஓடி சோதனைதான் (வண்டி சாலையில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை) அதற்கும். முதல் பதிவு ஆகி மூன்று வருடம் முடியும்போது முதல் சோதனை, அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை. (வட அயர்லாந்தில் முதல் சோதனை நான்கு வருடம் முடியும்போதுதான். இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு.)

இது உரிமையாளருக்கு வசதிதான். ஆனால் இவ்வளவு கனமான வண்டியை இரண்டு சோதனைகளுக்கு நடுவே உங்களைத் தவிர வேறு யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

படி 1: உங்கள் வண்டி எந்த வகை?

சட்டம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஆட்களும் அவர்களுடைய உடைமைகளும் போவதற்காக, படுக்கை, சமையல் போன்ற வசதிகள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட வண்டி ‘மோட்டார் கேரவன்’. இதற்கு கிளாஸ் 4. தங்கும் வசதி இருந்தாலும், அதில் தங்குவதற்குத் தேவையில்லாத சரக்கையும் ஏற்றுகிற வண்டி ‘லிவிங் வேன்’. இது 3,500 கிலோவைத் தாண்டினால் லாரிகளுக்கான வருடாந்திர சோதனைக்குப் போக வேண்டும், அதுவும் முதல் வருடம் முடியும்போதே.

முன்னால் படுக்கை, பின்னால் பந்தயக் கார் ஏற்ற ஒரு பெரிய அறை என்று கட்டப்பட்ட வண்டிகளை வாங்குபவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். பழைய லாரியை நீங்களே வீடாக மாற்றியிருந்தாலும் இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால், இந்தச் சோதனைகளை மேற்பார்வை செய்யும் டிவிஎஸ்ஏ-விடம் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

படி 2: எடையும் லைசென்ஸும்

கதவு ஓரத்திலோ பானெட்டுக்குள்ளோ ஒரு தகடு இருக்கும். வண்டி சுமக்கக்கூடிய அதிகபட்ச எடையும், ஒவ்வொரு அச்சுக்கும் உள்ள வரம்பும் அதில் இருக்கும். 3,500 முதல் 7,500 கிலோ வரை ஓட்ட சி1 பிரிவு தேவை. 1997 ஜனவரி 1-க்கு முன் கார் டெஸ்ட் பாஸானவர்களுக்குப் பொதுவாக அது லைசென்ஸிலேயே இருக்கும். 7,500-ஐத் தாண்டினால் சி பிரிவு.

எம்ஓடி-யில் எடை போட மாட்டார்கள். பாஸாகிவிட்டது என்பதால் வண்டி அளவுக்கு மேல் ஏற்றப்படவில்லை என்று ஆகாது. தண்ணீர், டீசல், காஸ், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் ஒரு தடவை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்பதே நூறு கிலோ. மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பதும் உண்டு.

படி 3: பழைய பதிவைப் படியுங்கள்

வண்டி எண்ணை அரசு இணையதளத்தில் கொடுத்தால் இதற்கு முன் நடந்த எம்ஓடி முடிவுகள் இலவசமாகக் கிடைக்கும். எதில் ஃபெயில் ஆனது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் இருக்கும். போன வருடம் ‘பிரேக் குழாயில் லேசான துரு’ என்று எழுதியிருந்தால் இந்த வருடம் முதலில் டார்ச் அடிக்க வேண்டிய இடம் அதுதான்.

படி 4: வண்டி நுழையும் இடமாகப் பார்த்து பதிவு செய்யுங்கள்

கிளாஸ் 4 செய்கிற எல்லா இடமும் ஏழு டன் வண்டியைத் தூக்காது. போன் செய்யும்போதே நீளம், உயரம், அகலம், எடை நான்கையும் சொல்லிவிடுங்கள். பெரிய வேன், லாரி வேலை பார்க்கும் இடங்களில் கேட்டால் அலைச்சல் குறையும். கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்ட்.

இப்போதைய சான்றிதழ் முடிவதற்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதே சோதனை செய்துகொள்ளலாம். அடுத்த வருடத் தேதி மாறாது. கோடைப் பயணத்துக்கு முந்தைய நாள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

படி 5: வீட்டு வாசலில் செய்ய வேண்டிய பரிசோதனை

டயரில் ஆரம்பியுங்கள். மோட்டார்ஹோம் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரத்தோடு நிற்பதுதான் காரணம். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். வெளிப்பக்கம் தெரியவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் உள் டயரை யாரும் பார்ப்பதே இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பின்பக்கமாக டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா, ஒன்றை ஒன்று உரசுகிறதா, பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா? உள்ளிருக்கும் நூலோ கம்பியோ வெளியே தெரிந்தால் அந்த டயரில் ஓட்டவே கூடாது.

லாரி, பஸ், கோச்சுகளின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் 2021 பிப்ரவரி 1 முதல் தடை. அந்த வண்டிகளுக்காக வந்த சட்டம்தான். ஆனாலும் அதே எடையைச் சுமக்கிற உங்கள் முன் டயருக்கும் அதே கெடுவை வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

அடுத்தது பிரேக். நின்றே இருந்த வண்டியில் டிஸ்க் துருப்பிடித்து, இடது வலது பிடிமானம் வேறுபடும். சோதனை உருளையில் அது உடனே தெரிந்துவிடும். சோதனைக்கு முன் பதினைந்து, இருபது மைல் ஓட்டி, பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து பிரேக்கை நன்றாகப் பயன்படுத்துங்கள். எஞ்சின் சூடாக இருப்பது டீசல் புகைச் சோதனைக்கும் நல்லது. காற்று பிரேக் உள்ள வண்டி என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு ‘உஸ்’ என்று கசிகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடியும். எல்லா விளக்கும், ஹாரன், வைப்பர், கண்ணாடிகள், சீட் பெல்ட், நம்பர் பிளேட். டாஷ்போர்டில் ஏபிஎஸ், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் அதுவே ஃபெயில். அமெரிக்காவிலிருந்து இறக்கிய வண்டியாக இருந்தால் பின் இண்டிகேட்டர் சிவப்பாக இருக்கலாம். இங்கே அது ஆம்பர் நிறத்தில் இருக்க வேண்டும்.

படி 6: எம்ஓடி தொடாத பகுதி

சமையல் அடுப்பு, காஸ் குழாய், ஹீட்டர், ஃபிரிட்ஜ் எதையும் எம்ஓடி-யில் சோதிக்க மாட்டார்கள். நீங்கள் தூங்குவது அதே அறைக்குள். வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஆளை வைத்து காஸ், மின்சாரம், ஈரக்கசிவு மூன்றையும் தனியாகப் பார்த்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அழுத்திப் பாருங்கள்.

படி 7: முடிவு வந்த பிறகு

2018 மே 20 முதல் குறைகளை ‘ஆபத்தானது’, ‘பெரியது’, ‘சிறியது’ என்று பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் எது இருந்தாலும் ஃபெயில். ‘ஆபத்தானது’ என்றால் சரிசெய்யும்வரை சாலையில் எடுக்கக் கூடாது. வண்டியை அங்கேயே விட்டு ரிப்பேர் செய்து பத்து வேலை நாளுக்குள் மறுசோதனை நடந்தால் மறுபடி கட்டணம் இல்லை.

சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தால், முன்பதிவு செய்த சோதனைக்கோ ரிப்பேருக்கோ மட்டும்தான் ஓட்டலாம். மற்றபடி பிடிபட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம். முடிவு தவறு என்று உறுதியாகத் தோன்றினால் 14 வேலை நாளுக்குள் டிவிஎஸ்ஏ-விடம் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை அந்தக் குறையில் கை வைக்காதீர்கள். அவர்கள் வந்து பார்க்கும்போது வண்டி ஃபெயில் ஆன நிலையிலேயே இருக்க வேண்டும்.