திருகோணமலையைத் துறைமுகத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

திருகோணமலைக்கு வருவோரில் பலர் கோணேஸ்வரத்தில் அர்ச்சனை செய்து, நிலாவெளியில் கடல் குளித்து, மறுநாள் காலையே பேருந்து ஏறிவிடுகிறார்கள். இரண்டும் தவறவிடக் கூடாதவைதான். ஆயினும் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் இந்தச் சிறிய ஊருக்காக மாறி மாறிப் போரிட்டது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் திரும்புவது எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது. அதற்கான காரணத்தை இரண்டு கரைகளில் நின்று பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

முதல்நாள் காலையில் டச்சுக் குடாக் கரையில் சிறிது நேரம் நில்லுங்கள். பின்னர் நகரின் குறுக்கே நடந்து உட்துறைமுகத்தின் ஓரத்துக்குச் செல்லுங்கள். சுற்றுலாவுக்கு மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களே உகந்தவை என்று எல்லோரும் சொல்வார்கள். கடல் குளிப்பதற்கு அது உண்மை. ஆனால் இவ்வூரைப் புரிந்துகொள்ள விரும்புபவர், மழையைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால், வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நாட்களில் ஒருமுறையேனும் வர வேண்டும் என்பது என் கருத்து. அப்போது திறந்த கடலைப் பார்த்த கரையில் அலை மணலை வாரி அடித்துக்கொண்டிருக்கும். நடந்து சென்றடையும் மறுகரையிலோ நீர் குளம்போல் கிடக்கும், கட்டியிருக்கும் வள்ளங்களின் நிழல்கூடக் கலையாது. அதே பருவத்தில் சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட சோழமண்டலக் கரையில் ஒதுங்குவதற்கு இப்படி ஓர் இடம் இல்லாததால், பாய்க்கப்பல்கள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கரையை விட்டு விலக வேண்டியிருந்தது. 1782இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் ஆங்கிலேயரிடமிருந்து இவ்வூரைக் கைப்பற்றியதற்கும், பின்னர் மீண்டும் ஒல்லாந்தர் வசமான இதை 1795இல் ஆங்கிலேயர் பறித்துக்கொண்டதற்கும் அடிப்படை இந்த அமைதியான நீர்தான்.

அடுத்து பிரெட்ரிக் கோட்டைக்குச் செல்லுங்கள். கோணேஸ்வரத்துக்குப் போகும் பாதை கோட்டைக்குள்ளேயே செல்வதால் பக்தர்கள் வாயிலில் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் நின்று, வாயில் கல்லை அருகில் சென்று பாருங்கள். அதில் இணைக்கயல் சின்னமும், தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1620களில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். சம்பந்தர் பாடிய தலத்தின் கல் ஒரு கோட்டையின் நிலைக்கல்லாகி நிற்பதைக் காணும்போது, நூல்களில் படித்ததெல்லாம் விரல் தொடும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. உள்ளே மரநிழலில் புள்ளிமான்கள் திரியும். மக்கள் கொடுக்கும் பொலித்தீன் பைகளை அவை மென்று விழுங்கிவிடுவதால், உணவுப் பைகளை வெளியே எடுக்காதீர்கள். கோட்டையில் இராணுவம் இருக்கிறது. காவலரண்களையும் கடற்படைக் கலங்களையும் படம்பிடிப்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். கோயிலுக்கும் செல்வதால் அதற்கேற்ற உடையில் வாருங்கள். மலையுச்சியில் இராவணன் வெட்டின் ஓரத்தில் நின்றால் கீழே கடல் செங்குத்தாக ஆழ்ந்து கிடப்பது தெரியும்.

கடற்படைத் தளம் பொதுமக்களுக்குத் திறந்ததன்று. துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்டன்பர்க் கோட்டையும் அந்த எல்லைக்குள் இருப்பதால், முன்னனுமதி இல்லாமல் அதைப் பார்க்கும் திட்டத்தோடு வர வேண்டாம். நகரில், ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் இல்லத்தில் இயங்கும் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

இரண்டாம் உலகப் போரின் தடங்களுக்குத் தனியே ஒரு பிற்பகல் தேவை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. முதல்நாள் இரவே இங்கிருந்து வெளியேற்றப்பட்டிருந்த ஹெர்மிஸ் என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பல், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாப் பக்கம் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தாங்கிகள்) ஆங்கிலேயக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. வீதியிலிருந்து தெரிவதோடு நிறைவடையுங்கள். நிலாவெளி வீதியிலுள்ள போர்க்கல்லறையில் வரிசையாக நிற்கும் கற்களின் பெயர்களையும் வயதுகளையும் நிதானமாக வாசியுங்கள். நகரின் பழைய ஆங்கிலேயர் இடுகாட்டில், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பியும் 1852இல் பர்மியப் போரின்போது இறந்தவருமான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இன்னும் அரைநாள் கையில் இருந்தால் கிண்ணியாப் பாலம் வழியாக மூதூருக்குச் செல்லுங்கள். மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, அதைச் சீர்செய்வதற்காக மூதூர் அமைந்திருக்கும் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து சேர்ந்தது. 1660இல் அங்கே கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட அக்கப்பலின் மாலுமி ரொபர்ட் நொக்ஸ் தப்பிச் செல்வதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. காலையில் டச்சுக் குடாவில் நீங்கள் பார்த்த அதே காற்றுதான் அவரையும் இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது.