ராணுவ விமானங்களின் ரேடியோ பேச்சை ஸ்கேனரில் கேட்பது எப்படி?

ஸ்கேனர் என்பது பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் ரேடியோ. இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான முறை. பூட்டுப்போடாத (குறியாக்கம் செய்யாத) ராணுவ விமானப் பேச்சைக் கேட்க அங்கே தடையில்லை. சில மாநிலங்களில் காருக்குள் ஸ்கேனர் வைத்திருக்க மட்டும் கட்டுப்பாடு உண்டு. பிரிட்டனிலும் இந்தியாவிலும் சட்டம் வேறு. அங்கே இருந்தால் முயல வேண்டாம்.

வாங்கும்போது

ராணுவ விமானங்கள் பெரும்பாலும் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸுக்குள் ஏஎம் முறையில் பேசுகின்றன. பெட்டியில் ‘ஏர்பேண்ட்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கினால், 118–137 மெகாஹெர்ட்ஸில் பேசும் பயணிகள் விமானங்களோடு நின்றுவிடும். யூனிடென் பிசி125ஏடி 225–380 வரை எடுக்கும். தொடக்கத்துக்கு அது தாராளம். அதே நிறுவனத்தின் பிசி75எக்ஸ்எல்டி இந்தப் பகுதியை எடுக்காது.

ஆண்டெனா

விலை கூடிய ஸ்கேனரைவிட நல்ல ஆண்டெனாவுக்குத்தான் பலன் அதிகம். 300 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 25 செ.மீ.; கம்பியை 24 செ.மீ. வெட்டினால் சரியாக இருக்கும். ஒரு எஸ்ஓ-239 சாக்கெட் (கேபிளை மாட்டும் சதுர இணைப்பி), 2 மி.மீ. செம்புக் கம்பி ஐந்து துண்டு போதும். ஒன்றை நடு முனையில் நிமிர்த்தி சால்டர் செய்யுங்கள். மற்ற நான்கையும் மூலைத் துளைகளில் போல்ட் போட்டு முடுக்கி, 45 டிகிரி கீழ்நோக்கி வளையுங்கள். வளைக்காமல் நேராக விட்டால் 50 ஓம் கேபிளோடு பொருத்தம் குறையும்.

கேபிளின் ஆண்டெனா முனையில் பிஎல்-259 பிளக், ஸ்கேனர் பக்கம் பிஎன்சி பிளக். ஆர்ஜி-58 கேபிளை 15 மீட்டர் இழுத்தால் வரும் சிக்னலில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். தூரம் அதிகமென்றால் இழப்பு குறைந்த எல்எம்ஆர்-400 கேபிள் வாங்குங்கள். வெளியே உள்ள இணைப்பில் ரப்பர் டேப் இறுக்கிச் சுற்றுங்கள். உள்ளே தண்ணீர் இறங்கினால் அந்தக் கேபிளைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அலைவரிசை போடுதல்

225–380 முழுவதையும் 25 கிலோஹெர்ட்ஸ் படியில் தேடினால் 6,200 படிகள். விமானி மூன்று நொடியில் பேசி முடித்துவிடுவார். ஸ்கேனர் வேறெங்கோ இருக்கும். அதனால் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) வெளியிடும் சார்ட் சப்ளிமெண்ட் என்ற விமானத் தள விவர ஏட்டில் அருகிலுள்ள விமானத் தளத்தைப் பார்த்து, டவர், அப்ரோச், கிரவுண்ட் ஆகிய கட்டுப்பாட்டு நிலையங்களின் யுஎச்எஃப் (ராணுவம் பேசும் 225–400 பகுதி) எண்களை ஒரு பேங்கில் (சேனல் தொகுப்பில்) போடுங்கள். 243.0 சர்வதேச ராணுவ அவசர அலைவரிசை; அதை முன்னுரிமை சேனலாக வையுங்கள். மாடுலேஷன் ஏஎம். எஃப்எம்மில் விட்டால் குரல் உடைந்து தெளிவில்லாமல் வரும்.

ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் அமைப்பு) இரைச்சல் நின்ற இடத்திலேயே விடுங்கள். இன்னும் திருகினால் தொலைவில் பறப்பவர் காணாமல் போவார்.

குழப்பும் இரண்டு விஷயங்கள்

ஒருபக்கப் பேச்சு மட்டும் வருகிறதா? தரையிலுள்ள விமானக் கட்டுப்பாட்டாளர் பல இடங்களில் விஎச்எஃப் (பயணிகள் விமானங்கள் பேசும் பகுதி), யுஎச்எஃப் இரண்டிலும் சேர்த்தே பேசுவார். பயணிகள் விமானத்துக்கு அவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும். அந்த விமானியின் பதில் விஎச்எஃப்பில் போய்விடும். மாறாக விமானி மட்டும் கேட்டால், தரை நிலையம் உங்கள் தொடுவானத்துக்குக் கீழே இருக்கிறது. 30,000 அடியில் பறப்பவரை, மலை மறைக்காவிட்டால் 390 கி.மீ. வரைகூடப் பிடிக்கலாம், தரையிலுள்ளவரை அப்படிப் பிடிக்க முடியாது.

‘டிக், டிக்’ என்று வெட்டி வெட்டி வந்தால் அது ஹேவ் குயிக்காக இருக்கலாம்: நொடிக்குப் பலமுறை அலைவரிசை மாற்றும் ராணுவ முறை. எந்த ஸ்கேனராலும் அதைத் தொடர முடியாது. அடுத்த சேனலுக்குப் போங்கள்.