அலங்கார கான்கிரீட்: பூங்காவுலயும் ரோட்டோரத்துலயும் திரும்பத் திரும்ப நடக்குற தப்புகள்

கல்லு பதிச்ச மாதிரி, மரப்பலகை போட்ட மாதிரி அச்சு குத்தின கலர் கான்கிரீட் இப்ப பூங்கா நடைபாதை, பஸ் ஸ்டாண்ட், பீச் ஓரம், மேம்பாலச் சுவர்னு எல்லா இடத்துக்கும் வந்துடுச்சு. திறப்பு விழா அன்னிக்கு பளிச்சுன்னு இருக்கும், ரெண்டு மழைக்காலம் போனதும் வெள்ளையா உப்பு பூத்து, கலர் திட்டுத் திட்டா வெளுத்து, நடுவுல ஒரு விரிசல் கோணல்மாணலா ஓடும். உடனே மெட்டீரியல் சரியில்லன்னு சொல்லிடுவாங்க. முக்காவாசி இடத்துல காரணம் அது இல்லங்க, ஊத்துறதுக்கு முன்னாடியே முடிவு பண்ண வேண்டியத யாருமே முடிவு பண்ணாம விட்டதுதான். மக்கள் வரிப்பணத்துல நடக்குற வேலை, அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

தப்பு ஆரம்பிக்குறதே டெண்டர் பேப்பர்லதான். "அலங்கார கான்கிரீட் தளம், சதுர மீட்டருக்கு இவ்வளவு"ன்னு ஒரே வரியில முடிச்சுடுறாங்க, நிறப்பொடி எவ்வளவு, அச்சு எந்த மாதிரி, மேல அடிக்குற சீலர், அதாவது பாதுகாப்புப் பூச்சு, எத்தனை கோட்டுனு எதுவும் இருக்காது, அப்புறம் குறைஞ்ச ரேட் போட்டவர் அந்த ரேட்டுக்கு என்ன செய்ய முடியுமோ அதத்தான் செய்வார். டெண்டர்லயே சாம்பிள் பேனல் கேளுங்க. வேலைக்கு வரப்போற அதே ஆளுங்க, அதே சிமெண்ட், அதே எம்சாண்ட் வச்சு ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் ஊத்தி, சீலர் வரைக்கும் முடிச்சு, வெயில்ல மழையில கிடக்க விட்டு, அதப் பாத்து இன்ஜினியர் கையெழுத்து போடணும். கடைசி பில் பாஸ் ஆகுற வரைக்கும் அந்த பேனல உடைக்கக் கூடாது.

அடுத்தது தண்ணி. ஆர்எம்சி, அதாவது பிளான்ட்லயே கலந்து வர்ற ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி டிராஃபிக்ல மாட்டி லேட்டா வரும், கலவை இறுகியிருக்கும், உடனே யாராவது ஹோஸத் திறந்துவிடுவாங்க. சாதா தளத்துலயே அது தப்பு, கலர் கான்கிரீட்ல அந்த ஒரு வண்டி மட்டும் தனியா வெளுத்துத் தெரியும், மேல்தோலும் பலமில்லாம சீக்கிரமே உதிரும். இளக்கம் வேணும்னா பிளாஸ்டிசைசர் போடுங்க, தண்ணி சேர்க்காமலே கலவைய இளக்குற மருந்து அது. அதே மாதிரி மேல கசிஞ்சு நிக்குற தண்ணிய உறிஞ்சுறதுக்கு காஞ்ச சிமெண்ட தூவித் தேய்க்குற பழக்கத்த அலங்கார வேலையில அறவே விடணும், அந்தத் தோல்தான் அப்புறம் பேந்து வரும்.

அச்சு குத்துற நேரம்தான் இந்த வேலையோட உயிரே. கட்டை விரல அழுத்திப் பாருங்க, சுமார் கால் இன்ச் பள்ளம் விழணும், விரல்ல சிமெண்ட் பால் ஒட்டக் கூடாது, அப்பதான் அச்சு மேட்ட, அதாவது டிசைன் பதிக்குற பாய, வைக்கலாம். அதுக்கு முன்னாடி வச்சா கோடு சரிஞ்சு ஓரமெல்லாம் வீங்கும், லேட்டானா எவ்வளவு ஏறி மிதிச்சாலும் பதியாது. மே மாச வெயில்ல சரியான நேரம் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும், நம்ம ஊர்ல என்ன பண்றாங்கன்னா பத்து மணிக்கு மேல வண்டிய வரவச்சு, நாலு பேர வச்சுக்கிட்டு முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரே மூச்சுல ஊத்திட்டு, முதல் முனை கல்லாகி கடைசி முனை கூழா இருக்குற நேரத்துல மேட்ட தூக்கிக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடுறாங்க. ஆள் பலத்துக்குத் தகுந்த சின்னச் சின்னப் பகுதியா பிரிச்சு, விடியக்காலையில ஊத்துங்க, மேல ஒரு நிழல் வலை கட்டுங்க.

நிறப்பொடிய சிமெண்ட் எடைக்கு இத்தனை சதவீதம்னு தராசுல போட்டுத்தான் சேர்க்கணும், கைக்கணக்கு ஆகவே ஆகாது. இரும்பு ஆக்சைடு பொடி வெயிலுக்கு நல்லா நிக்கும். பாதி வேலையில சிமெண்ட் பிராண்ட மாத்துனீங்கன்னா அளவு சரியா இருந்தாலும் ஷேடு மாறும், உப்பு போர்த்தண்ணின்னா வெள்ளை பூக்குறதும் சேந்துக்கும்.

கியூரிங்ல, அதாவது ஊத்தின கான்கிரீட்ட காய விடாம ஈரமா வச்சுக்குறதுல, ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. கலர் கெட்டுடும்னு சில பேர் கியூரிங்கே பண்றதில்ல, சில பேர் சாக்கையும் வைக்கோலையும் போட்டு கறை பிடிக்க வச்சுடுறாங்க. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 படி ஓபிசின்னு சொல்ற சாதா சிமெண்டுக்கே 7 நாள் ஈரம் வேணும், காஞ்ச வெயில் ஊருக்கு 10 நாளுக்குக் குறையக் கூடாது, பிபிசி மாதிரி சாம்பல் கலந்த கலப்பு சிமெண்ட்னா அந்த வெயிலுக்கு 14 நாள். கலர் தளத்துக்குன்னே இருக்குற கியூரிங் காம்பவுண்ட், அதாவது ஈரம் வெளிய போகாம தடுக்குற பூச்சு, அடிங்க, மேல வரப்போற சீலரோட அது ஒத்துப்போகுமான்னு சாம்பிள் பேனல்லயே பாத்துக்கலாம்.

கான்கிரீட் சுருங்கத்தான் செய்யும், எங்க விரிசல் விடணும்னு நம்ம சொல்லலன்னா அதுவே இடத்தத் தேடிக்கும். 100 மில்லிமீட்டர் தளத்துக்கு ரெண்டரை, மூணு மீட்டருக்கு ஒரு வெட்டு, ஆழம் தளத்தோட தடிமன்ல கால்வாசி, அதாவது 25 மில்லிமீட்டர். டிசைன் கெடும்னு பயந்து வெட்டு போடாம விடுறாங்க, வரைபடத்துலயே அச்சுக் கோட்டு மேல வெட்டு வர்ற மாதிரி அமைச்சா கண்ணுக்கே தெரியாது. மேன்ஹோல் மூலையிலயும் விளக்குக் கம்பத்தச் சுத்தியும் தளத்தப் பிரிச்சு விடுங்க.

சுவர் வேலை வேற கதை. சண்டிகர்ல லெ கொர்பூசியேங்குற கட்டடக் கலைஞர் வடிவமைச்ச அரசுக் கட்டடங்கள்ல மீன், ஆமை, காளைன்னு உருவங்கள் கான்கிரீட்லயே பதிஞ்சிருக்கும், சென்ட்ரிங்குக்குள்ளயே அச்ச வச்சு ஊத்தினது, மேல ஒட்டினது கிடையாது. இந்த மாதிரி வேலையில நம்ம ஆளுங்க கோட்டை விடுறது கவர்ல, அதாவது உள்ள இருக்குற கம்பிய மூடுற கான்கிரீட் தடிமன்ல. கடற்கரைப் பக்கம் ஐஎஸ் 456 கேக்குற கவர் 45 மில்லிமீட்டர், டிசைன் பள்ளம் 20 மில்லிமீட்டர்னா பள்ளத்துக்கு அடியில கம்பிக்கு வெறும் 25தான் மிச்சம். உப்புக்காத்து அந்தக் கோடு வழியாத்தான் கம்பியப் பிடிக்கும், கம்பி துரு ஏறி உப்பி, அழகான பூ டிசைன் அப்படியே கழண்டு நடக்குறவங்க மேல விழும். கவர எப்பவும் பள்ளத்தோட அடியிலிருந்து அளங்க.

பொது இடம்னா வயசானவங்க, வீல்சேர்ல வர்றவங்க, கண்ணு தெரியாதவங்க எல்லாரும் வருவாங்க, இத மறந்து பண்ற எந்த வேலையையும் என்னால நல்ல வேலைன்னு சொல்ல முடியாது. பளபளப்புக்காக சீலர தடிமனா அடிச்சா மழையில வழுக்கும், ஈரம் உள்ள மாட்டி பால் மாதிரி வெளுக்கும். ரெண்டு மெலிசான கோட் போதும், ரெண்டாவதுல வழுக்காத பொடி கலந்தே ஆகணும். வாட்டம் 50க்கு 1 இருக்கட்டும். ஆழமான கருங்கல் டிசைன நடக்குற பாதையில போடாதீங்க, வீல்சேர் தடதடக்கும், தடவி நடக்குறவங்களுக்கான மஞ்சள் டைல் எங்க முடியுது எங்க திரும்புதுன்னு கோலும் கண்டுபிடிக்காது.

கடைசியா, எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற விஷயம், தோண்டுறது. போட்டு ஆறு மாசத்துல ஈபி கேபிள், குடிதண்ணி, இன்டர்நெட்டுன்னு ஒவ்வொருத்தரா வந்து வெட்டுவாங்க, மூடுறது சாம்பல் கலர் கான்கிரீட்ல. ஊத்துறதுக்கு முன்னாடி எல்லா துறைக்கும் லெட்டர் போட்டு, வந்தாலும் வரலன்னாலும் ரோட்டுக்குக் குறுக்க நாலு காலி பைப்ப அடியில புதைச்சுடுங்க. நிறப்பொடியில ரெண்டு மூட்டை, ஒரு செட் அச்சு மேட், கலவை அளவு எழுதின தாள் எல்லாத்தையும் கான்ட்ராக்டர் கிளம்புறதுக்கு முன்னாடி வார்டு ஆபீஸ்ல எழுதி வாங்கி வச்சுக்கணும், அதுக்கும் டெண்டர்ல ஒரு வரி போட்டாத்தான் நடக்கும்.