மணி வாங்கப் போகிறவர்களுக்கு

கைவினைக் கடைகளில் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டி விற்கும் மணிகளை நான் தொடுவதே இல்லை. கோயில் வாசல் கடைக்குப் போங்கள். துளசி, தாமரை விதை, ருத்ராட்சம் என்று 108 மணி கோத்த ஜபமாலைகள் கிடைக்கும். நூலை அறுத்தால் இரண்டு கழுத்தணிக்குக் காணும். (மாமியார் பார்க்காதபோது அறுப்பது நல்லது.)

கண்ணாடி மணிக்குச் சென்னையில் சவுகார்பேட்டை. எடைக்கணக்கில் கேளுங்கள். உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகர் மணிகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கையால் செய்தவை ஒன்றுபோல் ஒன்று இராது, அதுதான் அழகு. கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருப்பது கண்ணாடி. பிளாஸ்டிக் அப்படிக் குளிராது. துளையின் விளிம்பு கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். ஒரு நூலை விட்டு இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

குன்றிமணி மட்டும் வேண்டாம். துளையிட்டால் உள்ளிருக்கும் அப்ரின் நஞ்சு வெளிப்படும். குழந்தை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.