சிக்னல் இல்லாத வகுப்பறைக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலையில் சிக்னல் வேப்பமரத்தடியில்தான் வரும். அதனால் தேவையானதை மட்டக்களப்பு டவுனில், வீட்டிலேயே இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகிறேன்.

முதலில் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளம். மொழி, தரம், பாடம் தெரிவுசெய்தால் பாடநூல் பீடிஎஃப் ஆகக் கிடைக்கும். இறக்கியவுடன் கோப்புக்கு ‘தரம் 8 விஞ்ஞானம் அலகு 3’ என்று பெயர் மாற்றிவிடுங்கள். நான் மாற்றாமல் போய், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாகத் திறந்து தேடியிருக்கிறேன். வெட்கக்கேடு! ஆசிரியர் வழிகாட்டிக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளம். மேலதிகப் பாடங்களுக்குக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ.

அப்புறம் கிவிக்ஸ். இலவசச் செயலி. தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக ஃபோனில் இறக்கிவிடலாம். படமில்லாத பதிப்பு சிறியது. ஆனால் பூவின் பாகங்களைப் படமில்லாமல் எப்படிக் காட்டுவது? இடமிருந்தால் படத்தோடு எடுங்கள். மெமரி கார்ட் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபோர்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபெட் ஆக ஃபோர்மட் செய்யவேண்டும். அதற்குமுன் உள்ளே இருக்கும் கலியாணப் படங்களை வேறெங்காவது மாற்றிவையுங்கள்.

வகுப்பில் ஃபோனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, கிவிக்ஸில் அந்த விக்கிப்பீடியாக் கோப்பைப் பகிரும் வசதியை இயக்கினால் ஒரு முகவரி வரும். மற்றக் கருவிகளை அந்த ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, முகவரியைப் பிரவுசரில் அடித்தால் சரி, டேட்டா போகாது.

புரொஜெக்டர் பிடிப்பதென்றால் காலைப் பாடவேளையில் பிடியுங்கள். மத்தியானம் ஜன்னலுக்குப் பழைய சாரம் கட்டினாலும் திரையில் ஒன்றும் தெரியாது.